விதையைக் காயவைத்துச் சேமிக்கும் ராட்சதக் கங்காரு எலி

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே இருக்கிறது கரிசோ சமவெளி. குளிர்காலத்தில்தான் அங்கே மழை, அதுவும் கொஞ்சம். வசந்தத்தில் தழைக்கும் புல் கோடை வருவதற்குள் காய்ந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. அதைத் தாண்ட ராட்சதக் கங்காரு எலி செய்யும் ஏற்பாடு அபாரமானது.

பெயர்தான் ராட்சதம், எடை ஏறக்குறைய 150 கிராம். ஆனால் கங்காரு எலிகளில் இதுவே பெரியது.

கதிர் முற்றத் தொடங்கியதும் இரவில் வெளியே வந்து கத்தரிக்கும். கன்னத்தின் இருபுறமும் உள்ளே மயிர் படர்ந்த பைகள் உண்டு. அவை வாய்க்குள் திறப்பதில்லை. அதனால் எச்சில் பட்டு விதை நனையாது. முன்கால்களால் பைகளில் திணித்துக்கொண்டு திரும்பும். உடனே வளைக்குள் கொட்டாது. பச்சை விதையை நிலத்தடியில் குவித்தால் பூசணம் பிடித்துவிடும். களத்தில் காயவைத்த பிறகே நெல்லைக் குதிரில் கொட்டுவது போல, வளைக்கு மேலே வெயில் படும் மண்ணில் சின்னக் குழிகள் தோண்டி, விதையை இட்டு, மேலாக மண் தூவி வைக்கும். ஒரே வளையைச் சுற்றி நூற்றுக்கணக்கான குழிகள் இருப்பதுண்டு. சில எலிகள் கதிர்களைத் தரையிலேயே போராகக் குவிக்கும். சில வாரங்களில் நன்றாகக் காய்ந்ததும் எல்லாம் நிலத்தடி அறைக்குப் போகும்.

ஒரு வளைக்கு வளர்ந்த எலி ஒன்றுதான். அண்டை எலி நெருங்கினால் பின்கால்களால் தரையைப் படபடவென்று தட்டி, இது என் இடம் என்று அறிவிக்கும்.

சரி, தண்ணீருக்கு என்ன செய்யும்? அதுவும் விதையிலிருந்துதான். மாவுச்சத்து உடலில் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன், மூச்சில் வரும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 100 கிராம் பார்லியில் 50 கிராமுக்கு மேல் நீர் இப்படிக் கிடைக்கும். சிறுநீரகம் கழிவை மிகக் குறைந்த நீரில் வெளியேற்றிவிடுவதால், தனியாகத் தண்ணீர் குடிக்காமலே அது காலம் தள்ளுகிறது.

இந்த எலியை நம்பி மற்ற உயிர்களும் இருக்கின்றன. கிட் நரி என்ற சிறிய நரி இனத்துக்கு இது முக்கிய இரை. அழியும் நிலையிலுள்ள ஒரு பல்லி இனம் வெயிலுக்கும் பகைக்கும் இதன் வளைகளில்தான் ஒதுங்குகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. எலி கிளறிப் போட்ட மண்ணில் ஐரோப்பாவிலிருந்து வந்த புற்களும் செழிக்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் அவை அடர்ந்து வளர்ந்தால், தாவி ஓடும் இந்த எலிக்கே நடமாட்டம் கஷ்டமாகிறது.

ஆனாலும் பெரிய அடி புல்லால் விழவில்லை. 1960களின் இறுதியிலிருந்து பாசனக் கால்வாய்கள் வர, பக்கத்திலுள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வறண்ட புல்வெளிகள் வயல்களாயின. எலிக்கு விஷமும் வைத்தார்கள். பழைய வாழிடத்தில் இன்று மிஞ்சியிருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. 1987-ல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது; 2001-ல் கரிசோ சமவெளி, ‘தேசிய நினைவுச்சின்னம்’ என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதியானது.

வளையைச் சுற்றிச் செடிகளை எலி கத்தரித்துவிடுவதால், வானிலிருந்து எடுத்த படங்களில் ஒவ்வொரு வளையும் ஒரு வட்டமாகத் தெரிகிறது. ஆய்வாளர்கள் அவற்றை எண்ணுகிறார்கள். எலி போன பிறகும் வட்டம் கொஞ்ச காலம் அழியாது என்பதால், தரையில் கூண்டு வைத்துப் பிடித்தும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.