மாந்தோப்பில் பரீட்சை வைக்காதீர்கள்

இந்த மாம்பழ சீசனிலும் அதே கதைதான். நத்தம் பக்கம் தோப்புக்குப் போய் வந்ததாகச் சொல்லி ஒரு அம்மா செல்போனை நீட்டினார். வீடியோவில் மூன்று வயதுப் பையன். பின்னாலிருந்து குரல் வருகிறது: "இது என்ன? மேங்கோ சொல்லு. என்ன கலர்? க்ரீன் சொல்லு." சொல்கிறான். அப்புறம் கிளையைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டுகிறான். "அதப் பறிச்சுக் குடு" என்று கேட்க அவனுக்கு வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

என்னிடம் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரும் வீடுகளில் பாதிப் பேர் பெருமையாகச் சொல்வது, "இருபது பழத்தோட பேர் இங்கிலீஷ்ல சொல்லுவான்." சரி, பசித்தால் சொல்வானா? வேண்டாம் என்பானா? தம்பி அடித்ததை வந்து சொல்வானா? பெயரை ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. "இது என்ன" என்று கேட்கும் உங்களுக்கே விடை தெரியும். அது பிள்ளைக்கும் தெரியும். பிறகு உங்களிடம் சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது? தமிழும் இங்கிலீஷும் சேர்ந்ததால் பேச்சு தாமதமாகிறது என்பதும் தவறு. இரண்டு மொழி பிள்ளைக்குப் பாரமில்லை. இந்தப் பரீட்சைதான் பாரம்.

தோப்பில் பேச எவ்வளவோ இருக்கிறது. பிஞ்சு, காய், செங்காய், பழம் எல்லாம் ஒரே மரத்தில் தொங்கும். கீழே அணில் கொறித்தது ஒன்று, வெம்பி விழுந்தது ஒன்று. "தாத்தா தொரட்டிய மாட்டுறாரு... மாட்டிட்டாரு... இழுக்கப் போறாரு..." என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். "விழுந்துருச்சு!" அவனிடமிருந்து வரட்டும். ராத்திரி அப்பத்தாவுக்குப் போன் போட்டு, நடந்ததை அவனே சொல்லட்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் அதையே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் சிவப்பு மையைத் தொடாதீர்கள்.

செல்போன் பையிலேயே இருக்கட்டும். காம்பு முறிந்தால் வடியும் பால் பட்டால் தோல் புண்ணாகும். முழுக்கைச் சட்டை போடுங்கள். பூச்சி மருந்து எப்போது அடித்தார்கள் என்று தோப்புக்காரரிடம் கேளுங்கள். கழுவாமல் கடிக்க விடாதீர்கள்.

இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்ந்து வரவில்லையா? தோப்பு அப்புறம், முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கே போகலாம். "ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பி இன்னொரு வருடம் காத்திருக்காதீர்கள்.