பாகம் பிரித்த வீட்டில் பிரியாத நியூட்ரல்

"என் கரண்டைத் திருடுகிறான், வந்து பிடித்துக் கொடுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் நான் பெரும்பாலும் போவதில்லை. இருபத்துமூன்று வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். துப்பறிகிற வேலை எனக்கு வராது. 2023 மே மாதத்தில் ஒருமுறை மட்டும் போனேன். திருடுவதாகச் சொல்லப்பட்டவர் கூப்பிட்டவருடைய கூடப்பிறந்த தம்பி. அந்த வீட்டுக்கு முதன்முதலில் வயரிங் செய்தவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. அப்பா காலமான பிறகு கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தம்பி தன் பங்குக்குப் புது மின் இணைப்பு வாங்கினார். திண்ணைச் சுவரில் இரண்டு மீட்டர்களும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை.

அண்ணன் மின் கணக்கு குறிக்கிற வெள்ளை அட்டையை நீட்டினார். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று எப்போதும் ஓடிக்கொண்டிருந்த கணக்கு, கடைசிப் பதிவில் 530. பணமோ 405 ரூபாயிலிருந்து 2,190 ரூபாய். யூனிட் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடியிருக்கிறது, பணம் மட்டும் எப்படி ஐந்து மடங்கைத் தாண்டும், மீட்டரே கோளாறு என்பது அவர் வாதம்.

அதில் மீட்டரின் தவறு எதுவும் இல்லை. அது கட்டண அடுக்கின் வேலை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100க்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 என்ற அடுக்கே காணாமல் போய்விடும். 101வது யூனிட்டிலிருந்தே 4.50, 500க்கு மேல் 8 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டுகிறவர் 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய் கட்ட வேண்டும். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, ஆனால் 500 என்ற அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. கோடையில் வருகிற "மீட்டர் தாவுகிறது" புகார்களில் பாதிக்கு இதுதான் விடை. மாதம் ஒருமுறை நீங்களே மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்தால் பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

ஆனால் 240 எப்படி 530 ஆனது? அண்ணன் வீட்டில் ஏ.சி. கிடையாது. அதற்கு மீட்டரைத்தான் கேட்க வேண்டும்.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதை அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்றோ 1600 என்றோ இருக்கும். வீட்டில் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டால் இந்தப் புள்ளி நின்றுவிட வேண்டும். பக்கத்தில் 'ஈ.எல்.' அல்லது 'எர்த்' என்று எழுதிய இன்னொரு விளக்கு உண்டு. அது எரியவே கூடாது. ஃபேஸ் கம்பியில் வீட்டுக்குள் போகிற மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்புகிற மின்னோட்டமும் ஒத்துப்போகவில்லை என்று மீட்டர் சொல்கிற சாடை அது.

எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். புள்ளி மெதுவாக மின்னிக்கொண்டே இருந்தது. மெயினை இறக்கினேன். அப்போதும் நிற்கவில்லை. ஈ.எல். விளக்கு எரிந்தது. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் மீட்டரின் புள்ளி படபடவென்று வேகமெடுத்தது. மிக்ஸி நின்றதும் புள்ளியும் தளர்ந்தது.

"பார்த்தீர்களா தம்பி? சட்னி அவனுக்கு, பில் எனக்கு" என்றார் அண்ணன்.

எட்டி அடுத்த மீட்டரைப் பார்த்தேன். மிக்ஸி மறுபடி ஓடியபோது அதிலும் புள்ளி வேகமெடுத்தது. அதாவது தம்பியும் அந்தச் சட்னிக்கு முழுப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கிற கிளாம்ப் மீட்டரை அண்ணன் வீட்டு ஃபேஸ் கம்பியில் மாட்டினேன்: பூஜ்யம். நியூட்ரலில் மாட்டினேன்: ஒன்றரை ஆம்பியர்.

நம் வீடுகளில் இருக்கிற ஒற்றை ஃபேஸ் மின்னணு மீட்டர் இரண்டு கம்பியையும் அளக்கும். நியூட்ரலை விட்டுவிட்டு எர்த்தில், அதாவது தரைக்குப் போகிற பாதுகாப்புக் கம்பியில், ஓட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க, இரண்டில் எதில் மின்னோட்டம் அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். திருடனுக்கு வைத்த பொறியில் இந்த வீட்டில் யோக்கியர் மாட்டிக்கொண்டார். பாகம் பிரித்தபோது ஃபேஸ் கம்பிகளைக் கவனமாகப் பிரித்த எலக்ட்ரீஷியன், கூடத்து மேல்சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸில் இரு வீட்டு நியூட்ரல்களையும் ஒன்றாக முறுக்கியபடியே விட்டுவிட்டார். விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது, கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வீட்டில் ஓடுகிற சாமானின் மின்னோட்டம் திரும்புவதற்கு இரண்டு வழி கிடைத்ததால் இரண்டிலும் பங்கு போட்டுத் திரும்பியது. அந்தக் கோடையில் தம்பி ஏ.சி. மாட்டினார். அதன் பாதிச் சுமை ராத்திரி முழுக்க அண்ணன் மீட்டர் வழியாகப் போயிருக்கிறது. மெயினை இறக்கியும் நிற்காததற்குக் காரணம், மெயினாக இருந்தது ஃபேஸை மட்டும் துண்டிக்கிற ஒற்றை எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து அணைகிற ஸ்விட்ச்). அந்த இடத்தில் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கிற 'டபுள் போல்' ஸ்விட்ச்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அண்ணன் போகிறபோக்கில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு, மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டினாராம், ஒரு நிமிடம்கூட நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததாம், பொருள் மட்டம் என்று சொல்லி அதைத் தாண்டி நேராக இணைத்துக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. போகிற மின்னோட்டத்துக்கும் வருகிறதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழ வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது விழுந்து விழுந்து சொன்ன செய்தியை யாரும் கேட்கவில்லை. ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் அதில் இல்லை, உங்கள் வயரிங்கில் இருக்கிறது. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால்தான் பொருள் மட்டம்.

முறுக்கைப் பிரித்து இரு நியூட்ரல்களையும் தனித்தனியே கட்டுவதற்கு ஒட்டடை அடித்த நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆனது. இரு பக்கத்து மெயினையும் இறக்கி, இரண்டு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிய பிறகுதான் அந்தப் பெட்டியில் கை வைத்தேன். நியூட்ரல் கலந்த வீட்டில் ஒருபக்கம் மட்டும் அணைத்துவிட்டுத் தொடுவது தற்கொலைக்குச் சமம். முடிந்ததும் ஈ.எல். விளக்கு அணைந்தது. அண்ணன் நம்ப வேண்டுமே, அதனால் அவர் வீட்டு 750 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டுவிட்டு, அவரையே கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 40 முறை மின்ன வேண்டும். 38 வந்தது. வோல்டேஜ் 230க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அப்படித்தான் வரும். மீட்டரில் குற்றமில்லை. மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்க எழுதி வைத்திருந்த புகார் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நியூட்ரலில் கை வைத்தால் ஷாக் அடிக்காது என்ற எண்ணத்தில்தான் அதை எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். அது கலந்துபோனால் பணம் போகும். அறுந்துபோனால் வேறு விதம். வீட்டில் எதுவுமே ஓடவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. "டபுள் கரண்ட் வருகிறது" என்று சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஃபேஸ் மின்சாரம் ஏதோ ஒரு பல்பின் வழியாக வந்து திரும்ப வழியின்றி நிற்கிறது.

மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டால் கதை விபரீதமாகும். ஒரு அறையில் பல்பு கண் கூசும்படி எரியும், அடுத்த அறையில் மங்கும். சுமை குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 300ஐக்கூடத் தாண்டும். இப்படி ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா, "தம்பி, ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றுகிறது" என்று சிரித்துக்கொண்டே போன் செய்தார். உடனே மெயினை இறக்குங்கள் என்று கத்தினேன். அவர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் டி.வி.யும் ஃபிரிட்ஜின் போர்டும் போய்விட்டன. கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் கம்பியின் இணைப்பு துருப்பிடித்து விட்டிருந்தது. மீட்டருக்கு முன்னால் உள்ள எதையும் நானோ நீங்களோ தொடக்கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குச் சொல்ல வேண்டும்.

எம்.சி.பி. விழுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் ஆள். கீஸரும் மோட்டாரும்தான் அடிக்கடி அகப்படும். விழுகிறதே என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 மாட்டச் சொல்லாதீர்கள். எம்.சி.பி. விழாது, சுவருக்குள் கம்பி உருகும்.

எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம் வேறு. பழைய வீடுகளில் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்பார்கள். போய் மூன்று துளை சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு அங்குலக் கம்பித்துண்டு ஒன்று இருக்கும். எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவைத்திருப்பார்கள். நியூட்ரல் இணைப்பு உறுதியாக இருக்கும்வரை சுருக்கென்றுகூடச் சொல்லாது. நியூட்ரல் எங்காவது விடுகிற அன்றைக்கு மெஷினின் தகர உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத்தரை, வெறுங்கால். எம்.சி.பி. விழாது, ஏனென்றால் அதன் கணக்கில் அது மிகச் சின்ன மின்னோட்டம்.

அண்ணன் வீட்டிலும் கிளம்பும் முன் சாக்கெட்டுகளைக் கழற்றிப் பார்த்தேன். கிணற்றடி மோட்டார் சாக்கெட்டில் ஒன்று, சமையலறையில் ஒன்று. இரண்டு துண்டையும் வெட்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவரைத் தட்டி, "டேய், உன் வீட்டிலும் இவரை ஒருமுறை பார்க்கச் சொல்லடா" என்றார். அந்தப் பக்கம் மூன்று இருந்தன.