போரில் தந்தையை இழந்த பிள்ளையின் கல்விச் சலுகை: காகிதம் எங்கே சிக்குகிறது?

1971 போருக்குப் பின் 1972இல் தொடங்கிய சலுகை இது. முப்படைகளிலிருந்தும் போர் நடவடிக்கையில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்து முதல் பட்டப்படிப்பு வரை கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மத்திய அரசு ஏற்கிறது. 2017இல் மாதம் 10,000 ரூபாய் என்று விதித்த உச்சவரம்பை 2018 மார்ச்சில் அரசே நீக்கிவிட்டது. யாராவது அந்தப் பழைய சுற்றறிக்கையை நீட்டினால் ஏற்காதீர்கள்.

சிக்கல் தொடங்கும் இடம் வேறு. இறப்பு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'பேட்டில் கேஷுவால்டி' (போர் நடவடிக்கையில் நேர்ந்த இழப்பு) என்று இருந்தால் இந்தச் சலுகையும், கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு இணையான குடும்ப ஓய்வூதியமும் கிடைக்கும். 'பிசிக்கல் கேஷுவால்டி' (போர் நடவடிக்கை சாராத இழப்பு) என்று இருந்தால் இரண்டும் கைநழுவும். துக்கம் விசாரிக்க வரும் அதிகாரிகள் இதை எடுத்துச் சொல்வதில்லை, வீட்டாருக்கும் அந்த நேரத்தில் கேட்கத் தோன்றுவதில்லை. ஆகவே படைப்பிரிவு தரும் சான்றில் அந்தச் சொற்கள் உள்ளனவா என்று படித்துப் பார்த்த பிறகே மற்றக் காகிதங்களைத் தொடுங்கள்.

அடுத்த பொறி பெயர். பிள்ளையின் பிறப்பு, தந்தையின் பணிப் பதிவேட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் படைப்பிரிவு ஆணை) வழியாக ஏறியிருக்க வேண்டும். பள்ளியில் இன்ஷியலோடும், ஆதாரில் அதே இன்ஷியல் விரிந்து பின்னால் போயும், பதிவேட்டில் மூன்றாவது ஒரு வடிவிலும் பெயர் இருப்பது நம் ஊரில் சாதாரணம். டெல்லியில் விண்ணப்பத்தைச் சரிபார்க்க உட்கார்ந்திருப்பவருக்கோ அவர்கள் மூன்று பிள்ளைகள். இதைத் திருத்த வேண்டியது, வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் குடும்பமென்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சென்னையில் எத்தனை மேசைகளைச் சுற்றினாலும் அந்த அலுவலகத்துக்கு எழுதாமல் காரியம் நடக்காது.

முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகையோடு இதைக் குழப்பி, பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் இல்லையே என்று திருப்பி அனுப்புவதையும் கண்டிருக்கிறேன். அந்த நிபந்தனை அந்த உதவித்தொகைக்கு உரியது.

ஒரு ஜூன் மாதம், பல்லாவரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தாயோடும் ஏழாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகளோடும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமலே எழுத்தர், "அப்பா எப்படி இறந்தார், எந்த இடத்தில்?" என்று கேட்டார். அத்தனையும் அவர் கையிலிருந்த சான்றிலேயே இருந்தது. தாய் சொல்லச் சொல்ல, அந்தச் சிறுமி தன் கையிலிருந்த கட்டண ரசீதை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மடிப்பில் கிழிந்திருக்கிறது என்று சொல்லி அந்த ரசீதை வாங்க மறுத்தார்கள்; பள்ளியில் இரண்டாம் ரசீது பெற மூன்று வாரம் ஆயிற்று. விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் தாய்தான். பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகு திரும்பப் பெறுகிறீர்கள் என்பதால் ரசீதுதான் பணம். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் தனித்தனியே தெரியும்படி, முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையாக எழுதிய ரசீது திரும்பி வரும். தலைமையாசிரியர் தரும் போனஃபைடு சான்றை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கி இணைத்து, முழுக் கட்டையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, விரைவுத் தபாலில் அனுப்பிய ரசீதை அந்த நகலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை "உங்கள் விண்ணப்பம் வரவேயில்லை" என்பார்கள்.