வளைகோடு நேராகும் இடம்

'வகைக்கெழு என்பது தொடுகோட்டின் சாய்வு' என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தேன். சூத்திரத்தைப் போட்டால் விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்த வாக்கியம் எதைச் சொல்கிறது என்பதைக் கண்ணால் கண்டது பல ஆண்டுகள் கழித்து, ஜியோஜீப்ராவில். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய மென்பொருள் அது. இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பகுதிகள் பலவும் மாணவரை இதனிடம்தான் அனுப்புகின்றன.

ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக அதன் வர்க்கத்தைக் குறித்தால் பரவளையம் கிடைக்கும். அதில் (1, 1) என்ற புள்ளியை நிலையாக வையுங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் உள்ள கிடை இடைவெளியை ஒரு ஸ்லைடரோடு இணைத்து, இரண்டின் வழியாகவும் ஒரு கோடு வரையுங்கள். இடைவெளி 1 என்றால் கோட்டின் சாய்வு, அதாவது உயர வேறுபாட்டைக் கிடை இடைவெளியால் வகுத்தது, 3. அதை 0.5 ஆக்கினால் 2.5, 0.1 ஆக்கினால் 2.1, 0.01 என்றால் 2.01. விரலால் இழுக்க இழுக்க, வளைவரையை வெட்டிக்கொண்டிருந்த கோடு மெல்லத் திரும்பி அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இடைவெளியைச் சரியாக 0 ஆக்குங்கள். கோடு மறைந்துவிடும்! சாய்வு இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. முதல்முறை மென்பொருளில் ஏதோ பழுது என்றே நினைத்தேன். இரு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. ஒரே புள்ளியின் வழியே எண்ணற்ற கோடுகள் போகலாம். சுழியத்தைச் சுழியத்தால் வகுக்கச் சொன்னால் கணினி வேறு என்ன செய்யும்? இடைவெளி 0 ஆகாமல் 0ஐ நெருங்க நெருங்கச் சாய்வு நெருங்கிச் செல்லும் மதிப்பு 2. அதைக் குறிக்கும் 'எல்லை' என்ற சொல் எதற்காக வேண்டியிருந்தது என்று அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது (1, 1) புள்ளியைச் சுற்றிப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். வளைவு தளர்ந்து, கடைசியில் அளவுகோல் வைத்து வரைந்தது போல் ஆகிவிடும். 1.001இல் பரவளையத்தின் உயரம் 1.002001, தொடுகோட்டின் உயரம் 1.002. எண்ணின் குறியை நீக்கி அளவை மட்டும் தரும் மட்டுச் சார்பின் 'V' வடிவ முனையில் இது நடக்காது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் முனை முனையாகவே இருக்கும். இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கம் 1. அங்கே வகைக்கெழு இல்லை.

திரையை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. கணினி வழக்கமாக ஓர் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். இடைவெளியை, தசமப் புள்ளிக்குப் பின் 15 சுழியங்களும் ஓர் ஒன்றும் என்ற அளவுக்குச் சுருக்கினால், 1உடன் அதைக் கூட்டினாலும் 1தான் மிஞ்சும். 2க்கு அருகில் இருக்க வேண்டிய சாய்வு 0 என்று வரும். காகிதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இடைவெளியால் வகுத்ததும் சாய்வு '2 + இடைவெளி' என்று சுருங்கிவிடுகிறது. ஸ்லைடரை இழுத்தபோது பார்த்த 3, 2.5, 2.1 எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன.