அயோடின் இல்லாத உப்பை விற்றால் யாரைக் கேட்பது?

சமையலுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கென்று விற்கக் கூடாது. கடையில் இருக்கும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 15 பிபிஎம், அயோடினாவது இருக்க வேண்டும். இதற்கான தேசியத் திட்டம் 1962-லிருந்தே ஓடுகிறது. ஆனால் 2018-19-ல் எடுத்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் 61.9 சதவீத வீடுகளில்தான் இருந்தது. நாட்டிலேயே கடைசி இடம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கும் மாநிலத்துக்கு இந்தக் கதி. கர்ப்பக் காலத்தில் அயோடின் மிகவும் குறைந்துபோனால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். பிறந்த பிறகு என்ன கொடுத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஓட்டை விதியிலேயே இருக்கிறது. கால்நடைக்கு, பதப்படுத்த, மருந்து செய்ய, தொழிற்சாலைக்கு என்று லேபிளில் போட்டுவிட்டால் அயோடின் வேண்டாம். முன்பக்கம் பெரிதாக ‘கல் உப்பு’, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பதப்படுத்த மட்டும்’ என்று அச்சடித்து, அதை மளிகைக் கடையில் சாம்பாருக்கு விற்றால் என்ன ஆகும்? புகார் போனதும் அந்தப் பொடி எழுத்தைக் காட்டித் தப்பிப்பார்கள். அதனால் வாங்கும்போதே பில்லில் ‘சமையல் உப்பு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்ற வரி, 14 இலக்க உரிம எண், பேட்ச் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் உண்டு என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். காய்ந்த உப்பில் மிஞ்சுவது மிகச் சொற்பம். இந்துப்பும் அப்படித்தான்.

கடை வாசலில் திறந்து வைத்த சாக்கு உப்பைத் தவிர்த்துவிடுங்கள். கல் உப்பில் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கிறார்கள். அது கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். சாக்கு ஈரம் கண்டால் வழியும் நீரோடு அதுவும் அடிக்கு இறங்கிவிடும். வீட்டில் கல் உப்பைக் கழுவினாலும் இதே இழப்புதான். தூசு தெரிந்தால் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அந்த உப்புநீரையே குழம்பில் சேருங்கள்.

சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் உப்புச் சோதனை கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு சிட்டிகை உப்பில் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் நீலம் வர வேண்டும். வராவிட்டால் உடனே முடிவு கட்டக் கூடாது. உப்பில் காரத்தன்மை இருந்தால் நிறம் வராது. புதிதாக ஒரு சிட்டிகை எடுத்து, முதலில் மறுசோதனைத் திரவத்தை விட்டு, பிறகு சோதனைத் திரவத்தை விட வேண்டும். அப்போதும் வெள்ளையாகவே நின்றால் அயோடின் இல்லை. ஆனால் 15-ஐத் தொட்டதா இல்லையா என்பதற்கு இந்த நிறத்தை நம்ப முடியாது, அதற்கு ஆய்வகம்தான்.

அலைக்கழிப்பு இங்கேதான் தொடங்கும். சுகாதார நிலையத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையைப் பாருங்கள் என்பார்கள். அங்கே போனால், ரேஷன் உப்பா, வழங்கல் துறைக்குப் போங்கள் என்பார்கள். திரும்பி வராதீர்கள். அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், லாபத்துக்கோ இல்லையோ, உணவு விற்கும் எந்த இடமும் சட்டப்படி உணவு வணிகம்தான். ரேஷன் கடைக்கு விலக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அதிகாரியான நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். வாட்ஸ்அப் என்றால் அந்தத் துறையின் எண் 9444042322.

பிரித்த பாக்கெட்டைக் கையில் கொண்டுபோனால், நீங்களே எதையாவது கலந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே பேட்சில் பிரிக்காத பாக்கெட் ஒன்று வைத்திருங்கள். அதிகாரி கடையிலிருந்து எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும் என்பதால், புகாரில் பேட்ச் எண்ணை மறக்காமல் எழுதுங்கள். அதிகாரி அசையவே இல்லை என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 40 இருக்கிறது: கட்டணம் கட்டி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. பலர் தடுக்கி விழுவது ஒரே நிபந்தனையில்: சோதிக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சாட்சிக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். உப்பு தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நேராக நியமன அலுவலருக்கும் போகும். தரக்குறைவு என்று முடிவானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இன்னொன்று. ரேஷனில் உப்பு வாங்குவது உங்கள் விருப்பம். உப்பும் டீத்தூளும் வாங்கினால்தான் அரிசி என்று சொல்ல விற்பனையாளருக்கு உரிமை இல்லை. சொன்னால் கடை எண்ணைக் குறித்துக்கொண்டு 1967-க்கு அழையுங்கள். வாங்காத உப்புக்குப் பில் போட்டதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் அதே எண்தான்; அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.