திறப்பை அழித்தால் தரவு அழியுமா?

வெள்ளவத்தையில் அனெக்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குடியிருந்தவர் திறப்பைத் தந்துவிட்டுப் போனதும் பூட்டையே மாற்றிவிடுவார்கள். கைக்கு வந்தது ஒரு திறப்பு. புறக்கோட்டையில் அதைப் பார்த்து வெட்டியவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

கணினித் தரவுக்கும் இதே கவலை உண்டு. அங்கே பூட்டுவது என்றால் பிறர் வாசிக்க முடியாதபடி தரவை மாற்றி எழுதுவது; திறப்பு என்பது அதை மீண்டும் வாசிக்க வைக்கும் இரகசிய எண். ஆனால் காப்புப் பிரதி எடுக்கும் காந்த நாடாவில் ஒருமுறை எழுதிப் பூட்டினால், முழுவதையும் திரும்ப எழுதாமல் பூட்டை மாற்ற வழியில்லை. எனவே திறப்பை அழிப்பது பற்றி, அதை உருவாக்கும் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும்.

வங்கி, காப்புறுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் பழைய தரவைச் சேமிக்க காந்த நாடா இன்னும் பயன்படுகிறது. எல்.டி.ஓ. எனும் நாடா வகையின் ஒன்பதாம் தலைமுறைக் கசெட் உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நாடா, 18 டெராபைட் தரவு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை நீரில் நின்றதைக் கண்டவர்களுக்கு, ஒரு பிரதியைக் கொழும்புக்கு வெளியே வைப்பது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் வாகனத்தில் ஏற்றி அனுப்பும் நாடா வழியில் தொலையலாம். அதனால்தான் குறியாக்கம் எனும் இந்தப் பூட்டு. 2007இல் வந்த எல்.டி.ஓ. 4 முதல், நாடாவை எழுதும் கருவியே ஏ.இ.எஸ். எனும் குறியாக்க முறையில் 256 பிட் திறப்பால் தரவைப் பூட்ட வல்லது. திறப்பு நாடாவில் பதிவதில்லை. எந்தத் திறப்பு என்று அடையாளம் காட்டும் ஒரு குறிப்பு மட்டும் அதில் இருக்கும்.

சரி, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்தது. நாடாவையே அழித்துவிடலாமே? நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் மேலெழுதினாலும் ஒரு நாடாவுக்குப் பன்னிரண்டரை மணிநேரம் வேண்டும். வலிய காந்தத்தில் காட்டினால், தொழிற்சாலையில் பதித்த வழிகாட்டித் தடங்களும் அழிந்து நாடா எதற்கும் உதவாமல் போகும். நடுவில் ஒருவருடைய பதிவை மட்டும் நீக்கவும் முடியாது. நாடாவின் நடுவில் எழுதினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் எட்டாமல் போய்விடும். தொலைந்துபோன நாடாவையோ தொடவே வழியில்லை.

திறப்பை அழித்தால், எங்கே கிடக்கும் நாடாவும் அந்தக் கணமே வெறும் இரைச்சலாகிறது. அழிக்க வேண்டியது 32 பைட் மட்டுமே. சாத்தியமான திறப்புகளின் எண்ணிக்கையோ 78 இலக்கம் கொண்டது; ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்கும் நம்பிக்கை எவருக்கும் வேண்டாம். ஆனால் திறப்பு தற்செயல் எண்ணாகப் பிறந்திருக்க வேண்டும். யாரோ ஒருவரின் கடவுச்சொல்லிலிருந்து அதை உருவாக்கியிருந்தால், அழித்த பிறகும் ஊகித்து மீட்கலாம்.

கடினமான பகுதி இனித்தான். அந்த 32 பைட் உண்மையிலேயே போய்விட்டதா?

கோப்பை நீக்கு என்றால் கணினி பெரும்பாலும் அதன் முகவரியை மட்டுமே மறக்கிறது. எஸ்.எஸ்.டி. எனும் சில்லுச் சேமிப்பகத்தில் மேலெழுதினாலும், தேய்மானத்தைப் பகிர்வதற்காக அது புதிய எழுத்தை வேறு இடத்தில் போட்டு, பழையதை அப்படியே விட்டிருக்கலாம். தரவுத்தளத்தின் பதிவேடு, மெய்நிகர் கணினியின் உறைநிலைப் பிரதி, நினைவகத்திலிருந்து வட்டுக்கு ஒதுக்கிய பக்கம் என்று திறப்பு தங்கக்கூடிய மூலைகள் பல. எல்லாவற்றிலும் ஆபத்தானது, திறப்புகளை வைத்திருக்கும் சர்வருக்கும் இரவுதோறும் காப்புப் பிரதி எடுப்பது. இன்று அழித்த திறப்பு போன மாத நாடாவில் உயிரோடு இருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அழித்துவிட்டதாகக் கையெழுத்திட்ட திறப்பின் அச்சுப் பிரதி இரும்பு அலுமாரிக்குள் கடித உறையில் கிடந்தது. அவசரத்துக்கு என்று யாரோ நல்ல மனதோடு வைத்தது. அன்று நான் உண்மையாகவே பயந்தேன்.

இதற்கு நல்ல விடை, திறப்பை இன்னொரு திறப்பால் பூட்டுவது. ஒவ்வொரு நாடாவுக்கும் தனித் திறப்பு. அந்த மாதத்து நாடாக்களின் திறப்புகளையெல்லாம் ஒரு மாதத் திறப்பால் பூட்டி வைக்க வேண்டும். பூட்டிய திறப்பு எத்தனை பிரதியானாலும் பாதகமில்லை, அது எங்கும் போகட்டும். மாதத் திறப்பு மட்டும் எச்.எஸ்.எம். எனும் பாதுகாப்புப் பெட்டிக்குள்ளேயே பிறந்து, வெளியே வராமல், அங்கேயே அழிய வேண்டும். அந்தப் பெட்டிக்கும் காப்பாக இன்னொரு பெட்டி இருந்தால், இரண்டிலும் அழிக்க வேண்டும். நூறு மூலைகளைத் தேடும் வேலை இரண்டு பெட்டிகளுக்குச் சுருங்குகிறது. எல்லா நாடாவுக்கும் ஒரே திறப்பைப் பாவிக்கும் நிறுவனத்துக்கு இந்த வசதி கிடையாது: ஒன்றை அழிக்கப் போனால் எல்லாம் போகும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை வகுத்திருக்கிறது. திறப்புகளை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியை நம் நிறுவனங்கள் இனித் தள்ளிப்போடக் கூடாது.

தவறான திறப்பை அழித்தால் மீட்க வழியே இல்லை. எனவே முதலில் அதை முடக்கி வைத்து, ஏதாவது வேலை தடைப்படுகிறதா என்று காத்திருக்க வேண்டும். அமேசானின் திறப்புச் சேவை இதற்காகவே குறைந்தது 7 நாள், கூடியது 30 நாள் காத்திருப்பை விதித்திருக்கிறது. வழக்கு, கணக்காய்வு எதற்காவது அந்த நாடா தேவையா என்றும் அந்த நாட்களில் விசாரிக்கலாம். அழிக்கும்போது இருவர் சேர்ந்துதான் ஆணையிட வேண்டும்.

பிறகு, அந்த மாதத்து நாடா ஒன்றை எடுத்து, பழைய காப்புப் பிரதியிலிருந்து மீட்ட திறப்புச் சர்வரோடு இணைத்து, வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கருவி திறப்பைக் கேட்கும். சர்வரிடம் பூட்டிய திறப்பு இருக்கும். அதைத் திறக்கச் சொல்லிப் பெட்டியிடம் கேட்கும். அந்த மாதத் திறப்பு தன்னிடம் இல்லை என்று பெட்டி சொல்லும். திரையில் வரும் அந்தப் பிழைச் செய்தியை, நாடாவின் இலக்கம், நேரம், இருவரின் கையெழுத்து ஆகியவற்றோடு பதிவேட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.