தொண்டைக் கதவு பூட்டிக்கொண்டால்

முக்கூடலில் சித்தி வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். சித்தி பாயிலிருந்து விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கை தொண்டையைப் பிடித்திருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கழுத்திலிருந்து 'ஈ...' என்று ஒரு கூவல். பேச்சு வரவில்லை. "ஏட்டி, வாயத் தொறந்து நல்லா இழு" என்று ஆச்சி முதுகைத் தடவினார். நான் செம்பில் தண்ணீரோடு ஓடினேன். இரண்டுமே தப்பு என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் தானாகவே விட்டுவிட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடம் சித்தி செத்துப் பிழைத்தார்.

அது குரல்நாண் இறுக்கம். குரல்நாண் பேசுவதற்கும் பாடுவதற்கும் இருப்பதாகத்தான் நினைக்கிறோம். அதன் முதல் வேலை காவல். மூச்சுக்குழாயின் வாசலில் இரண்டு சிறிய தசை மடிப்புகள். பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஆண்களுக்கு இரண்டு. அதற்கு நேர் பின்னால் உணவுக்குழாய். ஒரு சொட்டுத் தண்ணீர் வழிதவறினாலும் வேகஸ் நரம்பின் கிளைகள் மூளைத் தண்டுக்குச் சேதி சொல்லி, கண்ணிமைக்கும் நேரத்தில் வாசலைச் சாத்திவிடும். புரையேறும்போது நம்மைக் காப்பாற்றுவது இதுதான்.

அந்த வாசலில் புண்ணோ எரிச்சலோ நாள்பட இருந்தால், காவலுக்குப் பதற்றம் கூடிவிடுகிறது. வத்தல் கருகும் நெடி, சாம்பிராணிப் புகை, சளி வழிவது, வேகமாக ஓடுவது, மனக்கலக்கம் என எதற்கும் கதவு சாத்திக்கொள்ளும். பலர் இதை இளைப்பு (ஆஸ்துமா) என்று நினைத்து வருடக்கணக்கில் இன்ஹேலர் அடிக்கிறார்கள். இளைப்பில் பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் விசில் கேட்கும். இதில் இழுக்கும்போது தொண்டையில் கேட்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதனால் டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

சரி, வாயைத் திறந்து இழுப்பது ஏன் தப்பு? ஈரமான காகித ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். குறுகிய இடுக்கில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, மடிப்புகள் இன்னும் நெருங்குகின்றன.

இந்தக் கதவைச் சாத்தப் பல தசைகள் உண்டு. திறப்பதற்கு ஒரே ஒரு ஜோடிதான், குரல்வளையின் பின்புறத்தில். மூக்கால் முகரும்போது அந்த ஜோடி நன்றாக இழுத்து வேலை செய்கிறது. 1854இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் சின்னக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத் தன் தொண்டைக்குள்ளேயே பார்த்தார். மூச்சை இழுக்கையில் நாண்கள் அகல விரிவது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

ஆகவே இறுக்கம் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள், தோளைத் தளர்த்துங்கள். வாயை மூடிக்கொண்டு, பிச்சிப்பூவை முகர்வது போல மூக்கால் சின்னச் சின்னதாக இரண்டு முறை முகருங்கள். பிறகு உதட்டைக் குவித்து, சுடுகாப்பியை ஊதுவது போல மெதுவாக, நீளமாக விடுங்கள். 'ஸ்ஸ்' என்று விட்டாலும் சரி. விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்வதற்குள் பெரும்பாலும் பூட்டு இளகும். நன்றாக இருக்கும் நாட்களில் தினமும் பழகிக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும் நேரத்தில் யாராலும் புதிதாக எதையும் கற்க முடியாது.

சுக்குக் காப்பி, தேன், ஆவி எல்லாம் காய்ந்த தொண்டைக்கு இதம்தான். பூட்டிய கதவை அவை திறக்காது. இறுக்கம் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றவே கூடாது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு மிளகும் சுக்கும் எரிச்சலைக் கூட்டவும் செய்யலாம்.

சித்திக்கு மூல காரணம் எதுக்களிப்புதான். பீடி சுற்றுவது அவர் தொழில். அன்றைய பீடிக் கணக்கை முடித்து, ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டு, உடனே படுத்துவிடுவார். இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுட்டது. இப்போது சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. பாயை விட்டு நார்க்கட்டிலுக்கு மாறி, தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறோம். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அமுங்கும். இடப்பக்கம் ஒருக்களித்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும், அமிலம் ஏறுவது குறையும். அப்புறம் புகையிலைத் தூள். சுளகை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் அது நேராக மூக்கில் ஏறுகிறது. இப்போது காற்றோட்டமான திண்ணையில் மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டுதான் பீடி சுற்றுகிறார்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, பூச்சிக்கடிக்கோ புது மருந்துக்கோ பிறகு முகமும் நாக்கும் வீங்கினாலோ, உணவு அடைத்திருந்தாலோ மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே போகலாம். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இறுக்கம் இல்லாத நேரத்தில் நாண்கள் எந்தக் குறையும் இல்லாமல்தான் தெரியும். அதனால் அடுத்த முறை வரும்போது, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க, இன்னொருவர் அந்தச் சத்தத்தோடு செல்போனில் வீடியோ எடுத்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.